போட்டோ மெயிலில் மட்டும்

"எனக்கு முடி கொட்டுதுன்னு இவனுக்கு யாரு சொன்னது?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டாள் மார்த்தாள்.

ஆல்பர்ட் ஃபிளெக்ஸ் மெஷினில் புது ரோலை ஏற்றிக்கொண்டிருந்தார். காலை நாஷ்டா முடிந்ததும் அவள் கடையின் மெயிலைத் திறந்து இப்படி யாரையாவது கேட்பது வழக்கம். அவளுடைய கேள்விகளில் பாதி தனக்கானவை இல்லை என்பது கல்யாணமான புதிதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒடம்பு எளைக்க மாத்திரையாம். வெளிநாட்டு வாட்ச்சாம். இது மானாம்பதி கூழு ஊத்தற பேனரு, இரு. இது லோனு, நீ போ. இது புள்ளலூரு கருமாதி, இரு."

படம் படமாக வந்து குவிந்ததில் குப்பையை ஒரு பக்கமும் வேலையை ஒரு பக்கமும் தள்ளிவிட்டு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே என்னவோ சொன்னாள். மெஷின் ஓட ஆரம்பித்திருந்ததால் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவள் வீட்டுக்குப் போனாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தபோது மெஷின் நின்றிருந்தது. அதனால் அவள் சொன்னது முழுதாகக் கேட்டது.

உத்திரமேரூரைச் சுற்றி யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி ஆல்பர்ட்டின் கடையில்தான் அடிப்பார்கள். அதற்குக் காரணம் மெஷின் இல்லை, மார்த்தாள். எப்படிப்பட்ட போட்டோவைக் கொடுத்தாலும் ஆளை மட்டும் வெட்டி எடுத்து, மேகத்துக்கு நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் விளக்கேற்றி விடுவாள். சட்டைக் காலர் கிழிந்திருந்தால் புதுச் சட்டை மாட்டுவாள். கோபக்காரர் என்று ஊரே ஒதுங்கிப்போன ஆளுக்கு உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பை வைத்துவிடுவாள். போகிற இடத்திலாவது சிரித்துக்கொண்டு இருக்கட்டும் என்பாள்.

அவள் இறந்த அன்றைக்கு அவளுக்கு வைக்கத்தான் ஒரு படம் இல்லை. கேமராவைக் கண்டால் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறவள். கல்யாண போட்டோ, ஏரி உடைத்துக்கொண்ட வருஷம் தண்ணீரில் ஊறி, மாப்பிள்ளை மட்டும் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. தெருப் பையன்கள் நல்ல மனதோடு அவளுடைய ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு ஓடி, வேறொரு கடையில் அடித்து வந்து தெருமுனையில் கட்டினார்கள். அதில் அவள், திருடியது நீதானா என்று யாரோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பதைப் போல நின்றாள். சவப்பெட்டியின் பின்னால் நடந்து போனபோது ஆல்பர்ட் அதைப் பார்த்தார். பேனரின் ஓரம்கூட நேராக வெட்டப்படவில்லை.

அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். முப்பதாம் நாள் ஜெபத்துக்குள் அவளுடைய நல்ல படம் ஒன்று வேண்டும். அதைத் தன் மெஷினில், தன் கையால் அடித்து, அந்த ஆதார் முகத்தை அவிழ்த்துவிட்டு அதே தெருமுனையில் கட்ட வேண்டும். அதற்கு மேல் வாழ்க்கையிடம் கேட்பதற்கு அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

படம் இருக்கிற இடமும் சீக்கிரமே தெரிந்தது. காவாந்தண்டலத்து எல்லப்பன், ஆல்பர்ட்டின் அக்கா மகன் கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தவன், இப்போது பெங்களூரில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் செய்கிற வேலையில் இருந்தான். துக்கம் கேட்கப் போன் செய்தவன் கடைசியில் தயங்கிச் சொன்னான்.

"அண்ணி சிரிக்கிற மாதிரி ஒண்ணு கீதுண்ணா. வாய் விட்டு சிரிக்கிறாங்க. வாட்ஸ்அப்ல போடட்டா?"

ஆல்பர்ட்டிடம் இருந்தது பட்டன் போன். கடையின் பெரிய போன் மார்த்தாளின் விரலுக்கு மட்டும் திறக்கும். அதுவும் போகட்டும் என்றால், சுவரில் அவளே சிவப்பு எழுத்தில் அடித்து ஒட்டிய சட்டம் இருந்தது: போட்டோ மெயிலில் மட்டும். வாட்ஸ்அப்பில் வருகிற படம் கைக்குட்டை அளவு. அதை இழுத்துப் பத்தடி ஆக்கினால் மூஞ்சி கட்டம் கட்டமாக உடைந்துபோகும். ஒரு முறை அப்படி ஒரு மாப்பிள்ளை செங்கல் சுவராக வந்து, பெண் வீட்டார் மண்டப வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சட்டம் அதற்குப் பிறகு வந்தது.

"மெயில்ல போடு," என்றார். "அவ போட்ட சட்டம்."

மறுநாளே அனுப்பிவிட்டதாக எல்லப்பன் சொன்னான்.

ஆல்பர்ட் மார்த்தாளின் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவருக்குத் தாழ்வாக இருந்தது. மெயிலைத் திறந்தார்.

அவர்கள் அடிக்கிற ஒவ்வொரு பேனரின் கீழ் மூலையிலும் கடையின் மெயில் முகவரி இருக்கும். விளம்பரத்துக்காகப் போட்டது. அந்த விளம்பரத்தை உலகத்தில் உள்ள எல்லாத் திருட்டுப் பயல்களும் படித்திருந்தார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள். சொல்ல வேண்டியதை எழுத்தாக எழுதினால் மெயில்காரன் வைத்திருக்கும் சல்லடை படித்துப் பார்த்துத் தடுத்துவிடும் என்று, எல்லாவற்றையும் ஒரு படமாக வரைந்து அனுப்பினார்கள். சல்லடைக்குப் படிக்கத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது.

அது போதாதென்று, கடைக்கு வருகிற வாடிக்கைக்காரர்களும் அதையேதான் செய்தார்கள். இந்தப் பக்கத்தில் யாரும் மெயிலில் எழுதுவது கிடையாது. நோட்டைக் கிழித்து, மாமன் மச்சான் பெயர்களைச் சண்டை வராத வரிசையில் எழுதி, கட்டில் மேல் வைத்து, போனில் படம் பிடித்து அனுப்பிவிடுவார்கள். வணக்கம் என்று ஒரு சொல்கூட இருக்காது. ஆக, எடை குறைக்கும் மாத்திரையும் புள்ளலூர் காதுகுத்தும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றேதான். திறந்து, கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். மார்த்தாள் தினமும் காலையில் செய்துகொண்டிருந்தது அதுதான். அதை ஒரு வேலை என்றே அவர் அதுவரை நினைத்ததில்லை.

சாயங்காலம் வரை பார்த்தார். சிரிக்கிற பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். யாரும் மார்த்தாள் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தினகரனைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரிலும் அவன் கில்லாடி என்று ஒரு பேச்சு இருந்தது. அதைப் பரப்பியவன் அவன்தான்.

தினகரன் வந்து பார்த்துவிட்டு, இது சின்ன விஷயம், எழுத்தே இல்லாமல் வெறும் படமாக ஏற்கெனவே வந்ததையும் இனி வருவதையும் தானாகவே ஸ்பேம் என்கிற குப்பைப் பெட்டிக்குத் தள்ளுகிற மாதிரி செய்துவிட்டால் மெயில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்றான். செய்தான். ஆகியது. மறுநாள் காலை ஒரே ஒரு மெயில்தான் இருந்தது. வங்கியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து. மார்த்தாளுக்கு.

அதற்கு அடுத்த நாள் சிட்டம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பேத்தியின் மஞ்சள் நீராட்டு அன்றைக்கு. மண்டபத்தில் சேர் போட்டாகிவிட்டது, சீரியல் விளக்கு கட்டியாகிவிட்டது, பேனர் எங்கே என்று கேட்டாள். ஆல்பர்ட் எந்த பேனர் என்று கேட்டார்.

"இன்னாப்பா கேக்குற? எம் பேரன் மெயிலு வுட்டு வாரமாவுது. பொண்ணு பெரியவளானது ஊரு பூரா தெரிஞ்சிபோச்சு, உனக்கு மட்டும் தெரியலியா?"

ஸ்பேம் பெட்டியைத் திறந்தார். பேத்தி அங்கே பட்டுப்பாவாடையோடு, லோனுக்கும் வழுக்கைத் தலை மருந்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். மானாம்பதி கூழ் அங்கே இருந்தது. ஒரு கிரகப்பிரவேசம், இரண்டு வளைகாப்பு, சுற்றுவட்டாரத்தின் நல்லது கெட்டது மொத்தமும் அங்கேதான் இருந்தது. எல்லப்பன் மட்டும் அங்கேயும் இல்லை.

சிட்டம்மாள் திட்ட வாயெடுத்தாள். பிறகு காலியாக இருந்த கம்ப்யூட்டர் நாற்காலியைப் பார்த்தாள். வந்த ஆட்டோவிலேயே திரும்ப ஏறிப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஆல்பர்ட்டுக்குத் தோன்றியது.

தினகரன் இரண்டாம் முறை வந்தான். தன் சல்லடையில் தப்பில்லை, ஜனங்கள்தான் சரியில்லை என்றான். படத்தோடு கூட ஒரு வார்த்தையாவது மெயிலில் எழுதச் சொல்ல வேண்டும், அந்த வார்த்தை இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. கோயில் கதவுக்குச் சாவி மாதிரி.

"குப்பைக்காரன் கனவுல கூட எழுதாத வார்த்தையா ஒண்ணு சொல்லுண்ணா."

ஆல்பர்ட் யோசிக்கவே இல்லை.

"மார்த்தாள்."

தினகரன் அதை அப்படியே அடித்தான். சுவரில் அவளுடைய சட்டத்துக்குக் கீழே புதுத் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. போட்டோ அனுப்புவோர் மெயிலில் மார்த்தாள் என்று எழுதவும். எல்லப்பனுக்கும் போனில் சொன்னார். அண்ணி பெயரை முதல் வரியிலேயே எழுதி அனுப்பிவிட்டேன் என்று அவன் அன்றைக்கே சொன்னான். வரவில்லை. இணையம் மந்தமாக இருக்கும் என்றான் தினகரன். தனக்குத் தெரியாத எதற்கும் அவன் அதைத்தான் சொல்வான்.

ஜனங்கள் சொன்னபடி எழுதினார்கள். தங்கள் வழக்கப்படி எழுதினார்கள். அதாவது நோட்டுத் தாளில், தலைப்பில், மார்த்தாள் என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே மாமன் மச்சான் பெயர்களை எழுதி, கட்டில் மேல் வைத்துப் படம் பிடித்து அனுப்பினார்கள். சல்லடைக்குப் பார்க்கத் தெரியாது என்பதால் அத்தனை மார்த்தாள்களும் ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்தார்கள். ஆல்பர்ட் இந்த முறை உஷாராக அங்கேயே போய்த் தேடினார்.

அப்படித்தான் புள்ளலூர் சின்னராசுவின் பேரன் காதுகுத்து பேனருக்கு எழுதிய தாள் கையில் கிடைத்தது. ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம் உள்ளவர், செல்வாக்கான ஆள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது வழக்கம் என்பதால், தாய்மாமன்களான அவருடைய பிள்ளைகள் பெயர் பேனரில் பெரிதாக வர வேண்டும். தாளில் முதலில் மார்த்தாள், அடுத்து கார்த்திக், அடுத்து பிரபா என்று இருந்தது.

ஆல்பர்ட் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்காக எழுதியது என்று அவருக்குத் தோன்றவேயில்லை. மார்த்தாள் அந்தக் குடும்பத்துக்கு எத்தனையோ பேனர் செய்து கொடுத்தவள். சின்னராசுவின் தகப்பனார் இறந்தபோது அவருக்கு மீசையைச் சரிசெய்து கொடுத்தவள். அந்த நன்றியில், பெரிய மனது பண்ணி, அவள் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தார். கண் கலங்கியது. கார்த்திக்கையும் பிரபாவையும் வெள்ளையில் போட்டு, மார்த்தாளைத் தங்க நிறத்தில் போட்டார்.

காதுகுத்து முடிந்து சின்னராசு தானே கடைக்கு வந்தார். டூவீலரை நிறுத்திவிட்டு, சத்தம் போடாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"ஆல்பர்ட்டு, கோவமா வரல. ஒரு விஷயம் கேக்கணும்."

"சொல்லுங்கண்ணே."

"எனக்கு எத்தினி புள்ளைங்க?"

"ரெண்டு பசங்க, ஒரு பொண்ணு."

"உனக்குத் தெரியுது. எங்க சம்பந்திக்குத் தெரியல. தங்கத்துல போட்ட அந்தப் பொண்ணு யாரு, மூத்த தாரத்துப் பொண்ணான்னு மைக்குல கேட்டாரு."

ஆல்பர்ட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து நின்றார். சின்னராசு உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எங்க வூட்டம்மா என்னோட பேசறதில்ல. சோறு போட்டா கொயம்பு போட மாட்டேங்கறா. செத்துப்போன நம்ம மார்த்தா பேருடின்னு சொன்னேன். ஓ, அவ செத்தும் போயிட்டாளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னு அதுக்கு வேற தனியா அய்வுறா. நான் இன்னா பண்ணட்டும்? நல்ல பொம்பள, செத்துப்போச்சு, உம்மேல கத்தவும் முடியல."

மன்னிப்புக் கேட்டு இன்னொரு பேனர் அடித்துத் தருவதாக ஆல்பர்ட் சொன்னார். எதற்கு, இவள் என் மகள் இல்லை என்று ஊர் நடுவில் கட்டி வைப்பதற்கா என்று கேட்டுவிட்டு சின்னராசு போய்விட்டார்.

ஜெபத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. காற்றில் ஒரு மூலை அவிழ்ந்து, தெருமுனையில் ஆதார் மார்த்தாளின் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தது. மறு கண் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் ஆல்பர்ட்டைப் பார்த்தது.

மூன்றாம் முறை தினகரன் ஒரு புது சாஃப்ட்வேரோடு வந்தான். இது படிக்கிற சல்லடை இல்லை, பார்க்கிற சல்லடை, படத்தையே பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளும் என்றான். நல்லது எது, கெட்டது எது என்று கொஞ்ச நாள் காட்டிக் கொடுத்தால் போதும், பிறகு ஆயுசுக்கும் கவலையில்லை.

ஒரு வகையில் ஆல்பர்ட்டுக்கு அது பிடித்திருந்தது. தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து, மார்த்தாள் செய்ததையே செய்தார். இது போ. இது இரு. சிரித்துக்கொண்டே முடி எண்ணெய் விற்றவளை, போ என்றார். சிரித்துக்கொண்டே கடன் கொடுக்க வந்தவளை, போ என்றார். பல் பளபளக்க மாத்திரையைத் தூக்கிக் காட்டியவளையும் போ என்றார். கண்ணீர் அஞ்சலி வந்தால் மட்டும் அவர் கை நின்றது. மாலை போட்ட ஒரு முகத்தை, அது எந்த ஊர்க்காரர் ஆனாலும், எந்தக் கடைக்குப் போக வேண்டியது தப்பி வந்திருந்தாலும், போ என்று சொல்ல அவருக்கு வரவில்லை. ஏற்கெனவே போனவர்கள்தானே. எல்லோரையும் இரு என்றார்.

சாஃப்ட்வேர் நல்ல மாணவன். அவர் மனதில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டது.

முகூர்த்த மாதம். உத்திரமேரூர் மண்டபங்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன. ஆல்பர்ட் கடையில் மட்டும் சாவு பேனர்கள் அடுத்தடுத்து ஓடிக்கொண்டிருந்தன. மெயிலைத் திறந்தால் மேகமும் விளக்கும்தான். கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் இறந்தவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு கல்யாணம் இல்லை, ஒரு வளைகாப்பு இல்லை. இந்த வருஷம் ஜனங்களுக்கு என்ன ஆயிற்று என்று ஆல்பர்ட் கவலைப்பட்டார். அவருக்கு அது உலகத்தின் இயல்பான நிலையாகவும் தெரிந்தது.

கல்யாண வீட்டார் நேரில் வந்து கேட்க ஆரம்பித்த பிறகு தினகரன் சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ண்ணா, இதுக்கு நீ இன்னா சொல்லிக் குடுத்த?"

"நல்லது கெட்டது சொல்லிக் குடுத்தேன்."

"சிரிச்சா குப்பை, மாலை போட்டா நல்லதுன்னு கத்துக்கினு கீது. பொம்பள பல்லக் காட்டினா ஒடனே அழிச்சிடுது. கல்யாணப் பொண்ணு ஒருத்திய வுடல."

ஆல்பர்ட் கையிலிருந்த டீ கிளாஸை மேஜையில் வைத்தார். எல்லப்பன் அனுப்பும் படத்தில் மார்த்தாள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். மாலை போடவில்லை. கல்யாண வீட்டில் நிற்கிறாள். அந்த மெஷின் கண்ணுக்கு அவளை விடப் பெரிய குப்பை வேறு இருக்க முடியாது. அவளைப் பார்த்தால் உடனே அழித்துவிடு என்று இத்தனை நாளும் உட்கார்ந்து, பொறுமையாக, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

"எல்லாத்தையும் எடுத்துடு," என்றார்.

"எத்த?"

"எல்லா சல்லடையும். நீ போட்டது எதுவும் வாணாம். வர்றது வரட்டும்."

தினகரன் சாஃப்ட்வேரை எடுத்தான், சாவி வார்த்தையை எடுத்தான், முதலில் போட்டதையும் எடுத்தான். மறுநாள் காலையில் ஜெபம். பாஸ்டருக்குச் சொல்லியாகிவிட்டது, சேருக்குச் சொல்லியாகிவிட்டது. மெஷினில் ரோல் ஏற்றித் தயாராக இருந்தது. பேனரைக் கட்ட ரீப்பர் கட்டையில் ஃபிரேம் அடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மேகம் போட்டு, விளக்கு போட்டு, நடுவில் ஆள் அளவுக்கு வெள்ளையாக இடம் விட்டு டிசைனும் முடித்திருந்தார். அவளைப் போல வரவில்லை. விளக்கு ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவள் பார்த்திருந்தால் எழுந்திரு என்று சொல்லித் தானே உட்கார்ந்திருப்பாள்.

சின்னராசு வந்திருந்தார். வீட்டில் சாப்பாடு சரியில்லாததால் அவர் இப்போதெல்லாம் டவுனிலேயே நாஷ்டா சாப்பிட்டுவிட்டுக் கடையில் வந்து உட்காருவது வழக்கமாகியிருந்தது. தினகரன் தன் போனில் எல்லப்பனைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அனுப்பறேன்ணா. இதோ அமுக்கிட்டேன். போயிடுச்சு."

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள்.

சல்லடை எடுத்ததால் எல்லாம் ஒன்றாக வந்தன. முடி எண்ணெய்க்காரி வந்தாள். கடன்காரி வந்தாள். வாட்ச் கட்டியவள், இளைத்தவள், இளைப்பதற்கு முன்னால் இருந்தவள் வந்தார்கள். கல்யாணப் பெண்கள் வந்தார்கள். உலகத்தில் சிரிக்கிற பெண்கள் எல்லோரும் அந்தச் சின்னத் திரையில் வந்து நின்றார்கள்.

"வந்துச்சாண்ணா?" என்றது போன்.

"இல்ல."

"இன்னொரு வாட்டி அமுக்கறேன். போயிடுச்சுண்ணா, எனக்கு டிக்கு காட்டுது."

இல்லை. தினகரன் இணையம் மந்தமாக இருக்கும் என்று ஆரம்பித்தான். சின்னராசு அவனைப் பார்த்தார். அவன் நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாக, தன் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லட்டுமா, கொஞ்சம் உடைந்தாலும் பரவாயில்லையே என்று கேட்டான்.

"அவ மூஞ்சிய ஒடைக்க மாட்டேன்," என்றார் ஆல்பர்ட்.

மௌஸைப் பிடித்தபடியே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் அடிச்சேன்," என்றார். "எவன் எவனுக்கோ அடிச்சேன். அவளுக்கு ஒண்ணு அடிக்க முடியலியே என்னால." முதுகு குலுங்கியது. ஜெபப் பாட்டின் நடுவிலும் பெட்டியை இறக்கும்போதும் அழாத மனிதர். சின்னராசு எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். போனில் எல்லப்பன், அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜெயப்பிரியா சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றாள். மார்த்தாளும் அவளும் ஒன்றாகத்தான் மத்தியானச் சோறு சாப்பிடுவார்கள். அவள் போனதிலிருந்து ஜெயப்பிரியா இந்தப் பக்கம் வருவதில்லை, அந்த நாற்காலியைப் பார்க்க முடியவில்லை என்று. என்ன விஷயம் என்று கண்ணாலேயே தினகரனைக் கேட்டாள். எல்லப்பன் கல்யாணத்தில் எடுத்த படம், மெயிலில் அனுப்புகிறான், எவ்வளவு செய்தும் வரமாட்டேன் என்கிறது என்று தினகரன் சொன்னான்.

ஜெயப்பிரியா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பவள் போல முந்தானையை விரலில் சுற்றினாள்.

"அது எப்பிடிண்ணா வரும்? அந்தப் படம் வந்த அன்னிக்கே அக்கா எம் முன்னால, எல்லப்பண்ணன் மெயிலு வந்தா தானா அழிஞ்சிபோற மாதிரி பண்ணிட்டாங்களே. 'கண்ண மூடிக்கினு வாயப் பொளந்துக்கினு கீறேன்டி, இது எங்க வூட்டுக்காரரு கண்ணுல பட்டா, நான் போனப்புறம் இத்தத்தான் பத்தடில அடிச்சி தெருமுனைல கட்டுவாரு'ன்னு சொல்லி அப்பிடி சிரிச்சாங்க."

அதை இப்போதே எடுத்துவிடட்டுமா என்று ஜெயப்பிரியா கேட்டாள்.

ஆல்பர்ட் மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எல்லப்பனின் முகவரிக்கு மார்த்தாள் போட்ட தடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.